வேர் பார்த்துக் கொடுத்தவர்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நாலு வருஷம் ஓடிவிட்டது. முதல் வருஷமே ஒரு நோட்டு வாங்கிப் பிள்ளையார் சுழி போட்டு வைத்தேன். அதற்குக் கீழே ஒரு எழுத்துகூட விழவில்லை. பிறகு அந்த நோட்டை என் மகள் எடுத்துக் கோலம் போட்டுப் பழகியே தீர்த்துவிட்டாள். எட்டாம் வகுப்பு படித்தவளுக்கு எழுத வருமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எழுத வராமல் இல்லை. பயம்தான்.

போன மாசம் ராமேஸ்வரம் கோயில் வாசலில் அம்பாளுக்கு மல்லிகை வாங்க நின்றேன். பூ கட்டிக்கொண்டிருந்த பெண் பக்கத்துக் கடைக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வேர் பாய் தோட்டத்து நாத்த வாங்கி வச்சு எங்க அண்ணன் மூணு வருசத்தத் தொலைச்சான்டி. அம்புட்டும் புழு. தெரிஞ்சே வித்துட்டு அந்தாளு அரபு நாட்டுக்கு ஓடிட்டாரு."

நான் முழம் பூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே போனதும் அர்ச்சனை யார் பேருக்கு என்று குருக்கள் கேட்டார். வேர் பாயின் நிஜப் பேர் நாக்கு வரைக்கும் வந்தது. வழக்கம்போல என் வீட்டுக்காரர் பேரைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வெளியே வந்து பிராகாரத்தில் உட்கார்ந்தபோது, இன்னும் எத்தனை தடவை இப்படி வாயை மூடிக்கொண்டு சாமி கும்பிடுவாய் என்று யாரோ கேட்டது மாதிரி இருந்தது.

அவர் பேரை இங்கேயும் எழுதப்போவதில்லை. அதன் காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். ஊரில் வேர் பாய் என்றால்தான் தெரியும். நான் அவரை அண்ணே என்று கூப்பிட்டேன்.

தங்கச்சிமடம் பக்கம் எங்கள் வீட்டை ஒட்டி அவருடைய மல்லிகை நாற்றுத் தோட்டம் இருந்தது. எங்கள் தீவில் எங்கே தோண்டினாலும் வெள்ளை மணல். அதில் நெல்லும் மிளகாயும் வராது. மல்லிகைக் குச்சியை ஊன்றித் தண்ணீர் தெளித்தால் மட்டும் வேர் விட்டுவிடும். பாத்தி பாத்தியாக ஊன்றி, தென்னங்கீற்றில் நிழல் போட்டு, அஞ்சாறு மாசத்தில் பிடுங்கிக் கட்டுக் கட்டி வேனில் ஏற்றுவார்கள். எங்கெங்கோ போய் அது பூந்தோட்டமாகும். அவர் தோட்டத்தில் கட்டுக் கட்டும் வேலை எனக்கு.

செடி என்றால் எல்லாரும் இலையைப் பார்ப்பார்கள், பூவைப் பார்ப்பார்கள். அவர் வேரைப் பார்ப்பார். அவருடைய தோட்டத்துச் செடிதான் என்று இல்லை. பாம்பனில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பந்தல் வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள், அடிக்கிழங்கோடு. எல்லாரும் சந்தனம் எடுத்துக்கொண்டு உள்ளே போக, இவர் வேட்டியை மடித்துக் குனிந்து வாழையின் வேரைத் தடவிக்கொண்டிருக்கிறார். பெண்ணின் தாய்மாமன் வந்தார்.

"பாய், அது நாளைக்குச் சாகப்போற மரம். அதுக்கு எதுக்கு வைத்தியம்?"

"சாகட்டும் மாமா. செத்ததுக்கு அப்புறம் இத எங்கன கொண்டுபோய்ப் போடுவீக? அதச் சொல்லுங்க."

"ஏன், எங்க கொல்லையிலதான்."

"அப்ப உங்க கொல்லைக்கும் சேத்துக் கல்யாணம் ஆயிருச்சு" என்று வேரில் இருந்த நோய் முண்டுகளைக் காட்டினார். வந்தவர்கள் சிரித்தார்கள். மாமா மட்டும் மரத்தை அங்கேயே எரித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அவர் மனைவியை நான் மதினி என்பேன். மதினி சொல்லிச் சொல்லிச் சலித்துக்கொள்வார். "கீரைக்கட்டு வாங்கியாந்தா நான் ஆயுறதுக்கு முன்னாடி அவுக ஆராய்ச்சி முடியணும். மத்தியான லுஹர் தொழுதுட்டும் வந்துருவாக, கீரை இன்னும் வேரோட கெடக்கும். பொண்ணு பாக்கப் போன எடத்துலகூட என் மூஞ்சியப் பாக்கல, காலத்தான் பாத்தாக."

"கால்ல முடிச்சு இல்ல, சரின்னுட்டேன்" என்பார் அவர்.

அவர் தேடியது கண்ணுக்குத் தெரியாத ஒரு புழு. நெமடோடு என்பார். அது மண்ணில் இருக்குமாம். ஈரம் இருந்தால் நீந்தி வந்து இளவேருக்குள் நுழைந்துகொள்ளுமாம். அது உட்கார்ந்த இடம் வீங்கி முடிச்சு முடிச்சாகும். பாசிமணி கோத்த மாதிரி. மேலே பார்த்தால் செடி நன்றாகத்தான் தெரியும். கொஞ்ச நாளில் இலை வெளுக்கும், உச்சிவெயிலில் துவளும். தண்ணீர் போதவில்லை என்று நாம் இன்னும் தண்ணீர் ஊற்றுவோம். அது இன்னும் பரவும்.

"பயிருலதான் இருக்கும்னு நெனைக்காத தங்கச்சி" என்று வேலியோரத்துக் குப்பைமேனியைப் பிடுங்கிக் காட்டுவார். "இது யாரும் நடாத செடி. இதுலயும் குடியிருப்பான். மணத்தக்காளியில இருப்பான். பயிரு இல்லாத காலத்துல களையில உக்காந்து காத்திருப்பான்."

ஒரு பாத்தியை விற்பதற்கு முன் நாலு செடியைப் பிடுங்குவார். வாளித் தண்ணீரில் அலசி, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். பார்க்கும்போது உதடு அசையும். என்னண்ணே ஓதுறீங்க என்று ஒரு நாள் கேட்டேன். "பிஸ்மி சொல்லிப் பாக்குறேன். கண்ணு நம்முதுதான, ஏமாத்திறக் கூடாது" என்றார். ஒரு செடியில் ஒரு முடிச்சு இருந்தாலும் அந்தப் பாத்தி முழுக்க நெருப்புக்குப் போகும். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு அப்படி ஒரே ஒரு தடவைதான் நடந்தது. வேர் பாய் நாற்று என்றால் பிரித்துப் பார்க்காமல் வாங்குவார்கள்.

தோட்டத்து வாசலில் நீலப் பீப்பாய் ஒன்றைக் குறுக்கே அறுத்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் வைத்திருப்பார். யார் வந்தாலும் செருப்பை வெளியே விட்டு, காலை அதில் நனைத்துத்தான் உள்ளே வர வேண்டும். மம்பட்டிக்கும் கூடைக்கும் அதே குளியல். இதில் மனத்தாங்கல் பட்டவர்கள் உண்டு. என் கொழுந்தனார் ஒரு தரம் வாசலோடு திரும்பிப்போனார், "நாம என்ன தீட்டா" என்று. அண்ணன் அவர் வீட்டுக்கே போய், தன்னுடைய சவுதிக் கதையைச் சொல்லிச் சமாதானம் செய்தார். அந்தக் கதையை எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம் ஆகும் அளவுக்குச் சொல்லியிருந்தார்.

"பிளாஸ்டிக் கூடாரம் போட்டுத் தக்காளி. நான் வேலையாளு. ஒரு கூடாரத்துல முடிச்சு விழுந்துருச்சு. அங்கன வெட்டுன மம்பட்டியக் கழுவாம அடுத்த கூடாரத்துக்குக் கொண்டுபோனேன். அதுல ஒட்டியிருந்தது ஒரு பிடி மண்ணு இருக்குமா? ஒரு பிடி. நாலு கூடாரம் காலி."

"அரபி அடிச்சாரா பாய்?" என்று கூட வேலை செய்யும் பெண்கள் கேட்பார்கள்.

"ஒட்டகம் மேய்க்க அனுப்பிட்டாரு. ஒட்டகத்துக்கு வேர் கெடையாது. பொழச்சேன்."

இப்படிப்பட்ட மனுஷரின் தோட்டத்தில்தான் நான் அதைச் செய்தேன்.

என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். மஞ்சள் காமாலை முற்றி ஒரு நாள் காலையில் நினைவு தப்பிக் கிடந்தார். கத்தியது நான், முதலில் ஓடிவந்தது அண்ணன். நாற்று ஏற்றி வைத்திருந்த வேனில் கட்டுகளை இறக்கி மணலில் போட்டுவிட்டு, இவரைப் படுக்கவைத்துப் பாலத்தைத் தாண்டி ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இறக்கிப்போட்ட நாற்று வெயிலில் வாடி வீணானது. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பதினோரு நாள் மதினி கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட, அவர் பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தார்.

வீட்டுக்காரர் பிழைத்து எழுந்ததும் குறி கேட்டோம். குலசாமியைக் கவனிக்காமல் விட்டதுதான் காரணம், கூடவே வைத்துக் கும்பிடுங்கள் என்று வந்தது. எங்கள் குலசாமி சாயல்குடிக்கு அந்தப்பக்கம். நினைத்தபோது போய்வர முடியாது. அப்படிப்பட்டவர்கள் பூர்வீகக் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து, இருக்கிற இடத்தில் பீடம் போட்டுச் சாமியை வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிடிமண் என்போம்.

மாசி சிவராத்திரிக்குப் போனோம். பூசாரி சாமி முன்னால் மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தார். அதோடு நான் வந்திருக்க வேண்டும். எனக்கு அந்த ஒரு பிடி போதவில்லை. வீட்டுக்காரரைத் திருப்பித் தந்த சாமியாயிற்றே. கோயிலுக்குப் பின்னால் யாரோ கத்திரி போட்டிருந்தார்கள். அந்தப் பாத்தி ஓரத்தில் உர மூட்டைச் சாக்கு ஒன்று கிடந்தது. கோயில் எல்லைக்குள் இருப்பதெல்லாம் சாமி மண்தானே என்று அதில் முக்கால் பாகம் அள்ளினேன். கத்திரிச்செடி வெளுத்து, குட்டையாக நின்றது. தண்ணீர் பற்றாது போல என்று நினைத்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. வேர் பார்த்துக் கொடுப்பவரிடம் இத்தனை நாள் வேலை பார்த்தவள், ஒரு செடியைப் பிடுங்கிப் பார்க்கவில்லை. சாமி இடத்துச் செடியில் போய் நோய் தேடுவதா என்று இருந்தது.

பீடம் போட்டோம். பூசாரி தந்த பிடிமண்ணை அதன் அடியில் வைத்தோம். சாக்கு மண்ணில் முற்றத்துத் துளசி மாடத்தை நிரப்பிப் புதுத் துளசி நட்டேன். மீதி ஒரு கூடை இருந்தது.

அந்த மீதியைப் பார்க்கப் பார்க்க அண்ணன் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் விளக்கு எரிவது அவரால். அவருக்கும் இந்தச் சாமி துணை இருக்க வேண்டாமா? கேட்டால் மண்ணை உள்ளே விட மாட்டார். அதனால் விடியற்காலை, அவர் பள்ளிவாசலுக்குத் தொழப் போன நேரம் பார்த்து, வேலிப் படலைத் திறந்து உள்ளே போனேன். காலைக்கூட நனைத்தேன். பதினோரு பாத்தி இருந்தது. ஒவ்வொன்றிலும் ஈசானிய மூலையில் ஒரு பிடி தூவி, மேலே மணலைத் தள்ளி மூடி, சாமியே இவர் தொழில் தழைக்கட்டும் என்று கும்பிட்டேன். மனசு நிறைந்து வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு நான் அழுதுகொண்டே சமைத்தேன், சந்தோஷத்தில்.

வேலைக்குப் போனபோது அவர் ஒரு பாத்தி ஓரமாகக் குந்தியிருந்தார். உள்ளங்கையில் ஒரு சின்ன மண்கட்டி. எங்கள் மணல் வெள்ளை, அது கறுப்பு.

"ஏம்மா, யாரும் உள்ள வந்தாகளா?"

சொன்னால் கோபிப்பார் என்பதைவிட, சாமி மண்ணை அள்ளி எறிந்துவிடுவாரோ என்றுதான் எனக்குப் பயம்.

"தெரியலண்ணே" என்றேன்.

என்னை ஒரு தரம் பார்த்தார். கட்டியை வேலிக்கு வெளியே எறிந்தார். கட்டி கிடந்த இடத்து மணலை மட்டும் ஒரு சட்டி அள்ளி அப்புறப்படுத்தினார். மற்ற பத்து மூலையும் அவருக்குத் தெரியாது. நான் அப்போதே சொல்லியிருந்தால் மத்தியானத்துக்குள் எல்லா மூலையையும் தோண்டி எடுத்திருப்பார். தோட்டம் பிழைத்திருக்கும். அந்த ஒரு வார்த்தைக்கு மேலே எதுவும் தேவைப்பட்டிருக்காது.

ஆடியில் நாற்று போனது. அவர் எப்போதும்போல ஒரு பாத்திக்கு நாலு செடி பிடுங்கிப் பார்த்தார், பாத்தி நடுவிலிருந்து. வேர் வெள்ளையாக இருந்தது. முடிச்செல்லாம் மூலையில் இருந்தது. அங்கிருந்த செடிகளை அலசாமல் கட்டிக் கொடுத்தது என் கைதான்.

ஐப்பசி மழையில் ஒரு வேன் வந்து நின்றது. மதுரைப் பக்கத்து விவசாயி ஒருவர் இறங்கினார். நல்ல மனுஷர், சண்டைக்காரர் இல்லை. வேனுக்குள்ளிருந்து ஒரு கை செடியை எடுத்து அண்ணன் முன்னால் மணலில் வைத்தார்.

"பாய், உங்க நாத்துன்னுதான் பிரிச்சுப் பாக்காம நட்டேன். நீங்களே பாருங்க."

அண்ணன் வாளியில் அலசினார். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினார். உதடு அசைந்தது. வேர் முழுக்கப் பாசிமணி. வெகுநேரம் கையை இறக்கவில்லை.

"என்னுதுதான்" என்றார்.

"எப்படி பாய்?"

"தெரியல. ஆனா என்னுதுதான்."

கூட வந்தவர்களில் ஒருவன், "தெரியாம வருமா? காலு கழுவ வச்சதெல்லாம் நாடகம்" என்றான். இன்னொருவன் செல்லில் வேரைப் படம் எடுத்தான். அன்று மாலைக்குள் அந்தப் படம் விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் சுற்றியது. கீழே அவர் தோட்டத்தின் பேர், வாங்காதீர்கள் என்று. நான் கட்டுக் கட்டும் நாரைக் கையில் சுற்றிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். "இப்பப் போயி வாயத் தொறந்தா சாமியத்தான் கொறை சொல்லுவாக. பேசாம இரு" என்றார். அவர் மேல் பழி போட இதை எழுதவில்லை. வாய் என்னுடையது.

ஆடிக்குப் பிறகு மறுபடி குச்சி ஊன்றியிருந்த பதினோரு பாத்தியையும் அண்ணன் பிடுங்கி எரித்தார். வேலைக்கு வந்த பெண்களை அனுப்பிவிட்டு ஒற்றை ஆளாகப் பிடுங்கத் தொடங்கினார். நான் மட்டும் போய்க் கூட நின்று பிடுங்கினேன். ஈசானிய மூலைகளில்தான் முடிச்சு அதிகம். அதை அவரும் பார்த்தார். ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு நடந்து போய்ப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள் மதினி கொடுத்தனுப்பிய செண்டுப்பூவை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். புழுவை மட்டுப்படுத்த அவர் வரப்போரம் செண்டு போட்டிருப்பார். அந்தப் பூவில் பாதி எங்கள் சாமிக்கு வரும். தோட்டம் எரிந்த பிறகும் அது நிற்கவில்லை. பூவை என் கையில் கொடுத்துவிட்டு முற்றத்தில் நின்றார். துளசி வெளுத்திருந்தது. மாடத்து மண் கறுப்பு. ரொம்ப நேரம் பார்த்தார்.

"துளசி வாட்டமா இருக்கே தங்கச்சி. எப்பவாச்சும் புடுங்கிப் பாத்தியா?"

"துளசியப் புடுங்குவாகளாண்ணே?"

"அதுவும் சரித்தான்."

பிறகு, கேட்காமலேயே, அந்தச் சவுதிக் கதையை எடுத்தார். நான் நூறு தடவை கேட்டது. இந்தத் தடவை ஒட்டகம் வரவில்லை.

"மம்பட்டி என்னுதுன்னு அங்க யாருக்கும் தெரியாது. மூணு நாளு சும்மா இருந்தேன். சோறு எறங்கல. நாலாம் நாளு நானே போயி அரபிகிட்ட, நான்தான்னு சொன்னேன். சொன்ன அன்னைக்கு நல்லாத் தூங்குனேன் தங்கச்சி."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் துளசியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "காப்பி போடவாண்ணே?" என்றேன்.

"வேணாம்மா. வாரேன்" என்று போய்விட்டார்.

அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, தாயே மன்னிச்சுக்க என்று சொல்லித் துளசியைப் பிடுங்கினேன். அலசினேன். எதைப் பார்ப்பேன் என்று தெரிந்துதான் பார்த்தேன்.

மறு வருஷம் அவர் மண்ணைக் கிளறி, கோடை முழுக்க பிளாஸ்டிக் தாள் மூடி வேகவைத்து, வேப்பம்புண்ணாக்கு போட்டு, புதுக் குச்சி ஊன்றினார். வேர் பால் மாதிரி வந்தது. வாங்க ஆள் வரவில்லை. போன் செய்தால், பார்க்கலாம் பாய் என்றார்கள். வாசலில் நீலப் பீப்பாய் மட்டும் தண்ணீரோடு இருந்தது. தாடி நரைத்த வயசில் மறுபடி சவுதிக்கு விசா வாங்கினார். இனிமேல் கடல் தாண்ட மாட்டேன் என்று சொன்னவர். கிளம்பும்போது எங்கள் வீட்டுக்கும் சொல்லிக்கொள்ள வந்தார். வாசலிலேயே நின்றார். "பூ வேணும்னா மதினிகிட்ட கேட்டு வாங்கிக்கம்மா. செண்டு தானா முளைக்குது" என்றார். அப்போதும் ஒரு நிமிஷம் நின்றார். அந்த நிமிஷமும் போனது.

ஒன்றரை வருஷத்தில் செய்தி வந்தது. வேலை செய்யும் இடத்திலேயே நெஞ்சு வலி. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அவர்கள் வழக்கத்தில் அடக்கத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கு மூன்று பிடி மண் போடுவார்கள். அவருக்கு அந்த மூன்று பிடியை மகனும் போடவில்லை, தம்பியும் போடவில்லை. ஊர் பேர் தெரியாத யாரோ போட்டார்கள். மதினி அதைச் சொல்லித்தான் அழுதார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கையால் அவர் தோட்டத்தில் போட்ட பதினோரு பிடியும் கண்ணுக்கு முன்னால் வந்தன.

மதினி வீட்டோடு துக்கம் காத்த இத்தா நாட்கள் முடிந்த பிறகு ஒரு சாயங்காலம் போனேன். காலில் விழப்போனேன், தடுத்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், சாக்கிலிருந்து தெரியலண்ணே வரைக்கும். அரிசி பொடைத்துக்கொண்டிருந்த சுளகை இறக்கி வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார்.

"எப்படி மதினி?"

"அவுக அப்பவே சொன்னாக. துளசி மாடத்துல பாத்தேன், அந்த மண்ணுதான்னு. நான் கத்துனேன், போயிக் கேளுங்கன்னு. அதுக்கு, கேக்கக் கூடாது, அது தங்கச்சி வீட்டுச் சாமி மண்ணு, நான் கேட்டா பேச்சு வேற மாதிரிப் போயிரும், இன்னாரு சாமியப் பழிச்சான்னு ஆயிரும், அவளா சொல்லட்டும்னாக."

அதற்கு மேல் சுளகு அசையவில்லை.

"ஊருக்குப் போற அன்னைக்குக்கூட உன் வீட்டுக்கு எதுக்கு வந்தாகன்னு நெனைக்கிற? நீ சொல்லுவன்னு. நீ சொன்னா ஒரு வார்த்தை சொல்லணும்னு வச்சிருந்தாக. என்ன வார்த்தைன்னு எங்கிட்டயும் சொல்லல."

நான் அழுதேன். அவர் அழவில்லை.

"எங்கிட்ட எதுக்கும்மா சொல்ற? எனக்குத் தெரிஞ்ச விசயம். தெரியாதவுக ஊரு பூரா இருக்காக. அங்கன போயிச் சொல்லு. அவுக பேரு மட்டும் வேணாம். போதும் அந்தப் பேரு பட்டது."

அதுதான் நாலு வருஷத்துக்கு முந்தின பேச்சு. அதற்கப்புறம் மதினி என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. செண்டு பூத்தால் இன்றைக்கும் கொடுத்துவிடுகிறார். அதை வாங்கிச் சாமிக்குப் போடுகிறேன்.

சாமி மேல் எனக்குக் குறை இல்லை. பூசாரி தந்த ஒரு பிடி மண் இன்னும் பீடத்துக்கு அடியில்தான் இருக்கிறது. அது போதும் என்று சாமி தந்தது. கத்திரிப் பாத்தியில் போய்ச் சாக்கில் அள்ளியது என் ஆசை. துளசி மாடத்து மண்ணை இரும்புச் சட்டியில் வறுத்து, ஆள் நடக்காத உப்பளத்து ஓரம் கொண்டுபோய்க் கொட்டினேன். பிடிமண் எடுக்கப் போகிறவர்கள் பூசாரி தரும் பிடியோடு திரும்பி வாருங்கள். செடியோ மண்ணோ ஆசையாகக் கொண்டு வந்தால், யார் கொடுத்ததானாலும், முதலில் வேரை அலசிப் பாருங்கள். இது அவர் சொன்னது, நான் கேட்காமல் போனது.

படிக்கிற அண்ணன் தம்பிகளே, அக்கா தங்கச்சிகளே, அந்த வேர்ப்படம் எந்தெந்தக் குழுவுக்குப் போனதோ அங்கெல்லாம் இதையும் அனுப்புங்கள். கோயில் வாசலில் பூக்கட்டுகிறவர்களுக்கும் யாராவது வாசித்துக் காட்டுங்கள். ஆனால் ஒன்று, எதையும் மாற்றாதீர்கள். நல்ல மனசோடு தூவினாள் என்பதை மட்டும் தனியாக எடுத்துப் பெரிதாக்காதீர்கள். தெரியலண்ணே என்று நான் சொன்னதை விட்டுவிடாதீர்கள். காப்பி போடவா என்று கேட்டதையும் விட்டுவிடாதீர்கள். அவர் பேரைத் தேடிச் சேர்க்காதீர்கள். நீளம் என்று குறைப்பதானால், இந்தக் கடைசி வரியை மட்டுமாவது அப்படியே அனுப்புங்கள்: அவர் விற்ற நாற்றில் புழு இருந்தது உண்மை, அந்தப் புழுவை அங்கே கொண்டுபோய்ப் போட்டவள் நான்.